பெயர் வைக்காத ஆறு பைட்டுகள்

"புரட்டாசி சனிக்கிழமை திருவண்ணாமலை போய்ட்டு வந்தேன்" என்று சென்னை நண்பர்களிடம் சொன்னால் தவறாமல் வரும் கேள்வி: "கிரிவலம் எத்தனை மணிக்கு முடிச்சீங்க?" ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்களுக்கு இந்தக் குழப்பம் கிடையாது. எங்களுக்குத் திருவண்ணாமலை என்றால் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கத்துக் குன்றின்மேல் இருக்கும் சீனிவாசப் பெருமாள் கோயில். தென்திருப்பதி என்று இன்னொரு பேரும் உண்டு. அருணாசலேசுவரர் ஊர் வேறு, இது வேறு. பேர் மட்டும் ஒன்று.

இந்த முறை படியேறும்போது அத்தையிடம் இதைச் சொன்னேன். "எந்தத் திருவண்ணாமலைன்னு ஒரு வார்த்தை கேட்டா முடிஞ்சுபோச்சு. இதுல என்னடா குழப்பம்?" என்றார். சரிதான். ஒரே பேரில் இரண்டு இடம் இருந்தால் ஒரு கேள்வியில் தீர்ந்துவிடும். இதற்கு நேர் எதிரான குழப்பம் ஒன்று இருக்கிறது. ஒரே வேலை நூறு இடத்தில் நடக்கும், எந்த இடத்திலும் அதற்குப் பேர் இருக்காது. யாரிடம் என்னவென்று கேட்பது?

லினக்ஸ் கர்னலின் நெட்வொர்க் பகுதி இந்த இரண்டாவது குழப்பத்தோடு முப்பது வருடத்துக்கு மேல் மல்லுக்கட்டியிருக்கிறது. அதைப் பற்றி அவ்வப்போது எடுத்து வைத்த குறிப்புகளைக் கோத்து இந்தப் பதிவு. நிரல் எழுதத் தெரியாதவர்களும் படிக்கலாம். உள்ளே ஒரு வரி கோட் கூடக் கிடையாது.

முதலில் ஆறு பைட்டு

உங்கள் போன், லேப்டாப், வீட்டு வைஃபை பெட்டி எல்லாவற்றுக்கும் மேக் முகவரி என்று ஒன்று உண்டு. 48 பிட், அதாவது 6 பைட்டு. நெட்வொர்க் நிரலில் இந்த ஆறு பைட்டைத் திரும்பத் திரும்ப மூன்று விதமாகக் கையாள வேண்டியிருக்கும். ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகல் எடுக்க வேண்டும். இரண்டு முகவரி ஒன்றா என்று ஒப்பிட வேண்டும். இது செல்லுபடியாகும் முகவரிதானா என்று பார்க்க வேண்டும்.

மூன்றுமே சின்ன வேலை. அதனால்தான் ஆபத்து. ரெண்டு வரியில் முடிகிற வேலைக்கு யாரும் போய்த் தேடிக்கொண்டிருக்க மாட்டார்கள், அங்கேயே எழுதிவிடுவார்கள். ஒருவர் "ஆறு பைட்டை நகலெடு" என்று எழுதுவார். இன்னொருவர் ஆறு முறை சுற்றும் லூப் போடுவார். மூன்றாமவர் நான்கு பைட்டு, ரெண்டு பைட்டு என்று பிரித்து நகலெடுப்பார். பிறகு "மேக் முகவரியை நகலெடுக்கும் இடம் எல்லாம் எங்கே?" என்று தேட நினைத்தால் எதைத் தேடுவது? 6 என்ற எண்ணையா? கர்னலின் மொத்த நிரல் இன்று 4 கோடி வரியை ஒட்டி நிற்கிறது. அதில் எத்தனை ஆறு இருக்கும்!

இந்த வேலைகளுக்கு ஒரு பேர் வைத்து, ஒரே இடத்தில் எழுதி, மற்ற எல்லோரும் அந்தப் பேரைச் சொல்லி அழைத்தால் அதுதான் ஹெல்ப்பர் ஃபங்ஷன். (நம்மூரில் ஃபங்ஷன் என்றால் காதுகுத்து. இது வேறு.) ஏற்கெனவே இருக்கிற ஹெல்ப்பரைக் கண்டுபிடித்து, கையால் எழுதிய பிரதியை நீக்கிவிட்டு அதை அழைப்பது கர்னல் உலகில் மிகச் சாதாரணமான திருத்தம். புதிதாக வருகிறவர்களுக்குப் பழகக் கொடுக்கும் வேலையும் பெரும்பாலும் இதுதான். வெறும் துப்புரவு வேலை என்றுதான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

கேம்பிரிட்ஜில் ஒரு இரும்பு அலமாரி

இந்த யோசனை கணினிக்குச் சமவயது. 1949 மே மாதம் கேம்பிரிட்ஜில் எட்சாக் என்ற கணினி முதன்முதலாக ஓடியது. மாரிஸ் வில்க்ஸ் தலைமை, டேவிட் வீலர் அப்போது ஆராய்ச்சி மாணவர். ஓட ஆரம்பித்த கொஞ்ச நாளிலேயே அவர்களுக்கு ஒன்று புரிந்துவிட்டது: நிரல் எழுதுவதைவிட அதில் இருக்கும் பிழையைத் தேடுவதில்தான் வாழ்நாள் போகப்போகிறது. சரிபார்த்த நிரல் துண்டுகளைக் காகித நாடாவில் துளையிட்டு ஒரு அலமாரியில் அடுக்கினார்கள். அதுதான் அவர்களுடைய நூலகம்.

அந்த நூலகத்தைப் பயன்படுத்திய விதம்தான் எனக்குச் சுவாரசியம். வேண்டிய நாடாவை எடுத்து, உங்கள் நிரல் நாடாவின்மேல் இயந்திரத்தால் பிரதியெடுத்துக்கொள்ள வேண்டும்! மறுபயன்பாடு பிறந்ததே பிரதியாகத்தான். வீலர் அதில் ஒரு படி மேலே போனார். துண்டை நினைவகத்தில் ஒரே ஒரு முறை வைத்துவிட்டு, எங்கிருந்து வேண்டுமானாலும் அதற்குத் தாவி, வேலை முடிந்ததும் தாவிய இடத்துக்கே திரும்பி வரும் உத்தியைக் கண்டுபிடித்தார். இன்றுவரை அதற்கு 'வீலர் தாவல்' என்றுதான் பேர். 1951-இல் வில்க்ஸ், வீலர், ஸ்டான்லி கில் மூவரும் சேர்ந்து இதையெல்லாம் புத்தகமாகவே போட்டுவிட்டார்கள்.

எலும்புக்கூடு தந்த வள்ளல்

இனி லினக்ஸ். லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட கர்னலில் நெட்வொர்க்கே கிடையாது. 1992-இல் ராஸ் பைரோ எழுதிய டிசிபி/ஐபி உள்ளே வந்தது. அவருக்குப் பின் ஃப்ரெட் வான் கெம்பன், அடுத்து ஆலன் காக்ஸ் என்று கைமாறி, 1994 மார்ச்சில் 1.0 வெளியானபோது மொத்த கர்னலும் 1,76,250 வரி.

அந்தக் காலத்தில் ஈதர்நெட் கார்டுகள் வகைக்கு ஒன்றாக இருந்தன. ஒவ்வொன்றுக்கும் ஒரு டிரைவர் எழுதியாக வேண்டும். அவற்றில் பெரும்பங்கை எழுதியவர் டொனால்ட் பெக்கர். நாசாவில் பியோவுல்ஃப் என்ற மலிவுக் கணினிக் கொத்தைக் கட்டியவர்களில் ஒருவர் அவர்தான். 1993-94 வாக்கில் அவர் 'ஸ்கெலிட்டன்' என்ற கோப்பு ஒன்றை எழுதி கர்னலிலேயே வைத்தார். பேருக்கேற்ற எலும்புக்கூடுதான். புது கார்டுக்கு டிரைவர் எழுத வருகிறவர் அதைப் பிரதியெடுத்து, சதையை மட்டும் தன் கார்டுக்கு ஏற்றபடி ஒட்டிக்கொள்ளலாம்.

இன்று பார்த்தால் இது பிரதிகளின் தொழிற்சாலை. ஆனால் அன்றைய நிலையை யோசித்துப் பாருங்கள். எழுதுகிறவர் சம்பளம் இல்லாத தன்னார்வலர், கையில் இருப்பது ஒரே ஒரு கார்டு. அவரால் வேறு யாருடைய கார்டையும் சோதிக்க முடியாது. பொது ஃபங்ஷனில் கை வைத்தால் தெரியாத இன்னொருவரின் டிரைவர் உடையும். பிரதி எடுத்தால் அவர் தவறு அவரோடு போகும். எலும்புக்கூடு இல்லையென்றால் அத்தனை கார்டுகள் லினக்ஸில் ஓடியிருக்குமா என்பதே சந்தேகம். பிரதி எடுத்தவர்களைச் சோம்பேறி என்று திட்டுவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

ஐந்து இடத்தில் ஒரே சிஆர்சி

பாக்கி வசூலுக்கு வந்தது 2000-ஆம் ஆண்டு வாக்கில். சிஆர்சி என்பது தரவு வழியில் கெட்டுப்போனதா என்று பார்க்கும் ஒரு கணக்கு. ஈதர்நெட் டிரைவர்களுக்கு இன்னொரு காரணத்துக்காகவும் இது தேவை. மல்டிகாஸ்ட் முகவரிகளை வடிகட்டும்போது, மேக் முகவரியின் சிஆர்சியைத்தான் பல கார்டுகள் அடையாளமாகக் கேட்கும். அதனால் டிரைவருக்கு டிரைவர் இந்தக் கணக்கு குட்டி போட்டிருந்தது.

டெல் கம்பெனியின் மேட் டாம்ஷ் 2000 அக்டோபரில் இதில் கை வைத்தார். ஒரே கணக்கு கர்னலில் வேறு ஐந்து இடங்களில் இருப்பதைப் பார்த்து, ஒன்றை வைத்துக்கொண்டு மற்றவற்றை நீக்கினார். இந்தச் செய்தியை அந்தக் கோப்பின் தலைக்குறிப்பிலேயே அவர் எழுதிவைத்தார். அதன் அடுத்த பகுதிதான் முக்கியம். அந்த ஐந்தும் அச்சு அசலாக ஒன்றல்ல! எஸ்எம்சி 9194 என்ற ஈதர்நெட் கார்டின் டிரைவர் கணக்கை எல்லாப் பிட்டும் 1 என்று வைத்து ஆரம்பிக்கும், முடிவைப் புரட்டிப் போடாது. ஜெஎஃப்எஃப்எஸ்2 கோப்பு முறைமை 0-வில் ஆரம்பிக்கும், அதுவும் புரட்டாது. இஎஃப்ஐ பார்ட்டிஷன் நிரல் எல்லாம் 1-இல் ஆரம்பித்து, கடைசியில் புரட்டியும் போடும்.

மூன்றையும் மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றாக்கியிருந்தால் ஏதோ ஒன்று சத்தமில்லாமல் தவறான விடை தந்திருக்கும். டாம்ஷ் நடுவிலிருக்கும் பொதுக் கணக்கை மட்டும் எடுத்தார். ஆரம்ப மதிப்பை அழைப்பவர் சொல்ல வேண்டும், கடைசியில் புரட்டுவதும் அழைப்பவர் பாடு. எது பொது, எது அவரவர் விஷயம் என்று பிரிப்பதுதான் இந்த வேலையில் மூளை தேவைப்படும் இடம். மற்றதெல்லாம் தட்டச்சு.

இதன் பலன் கால் நூற்றாண்டு கழித்தும் வந்தது. 2025-இல் வந்த 6.14 பதிப்பில் எரிக் பிக்கர்ஸ், அந்தந்தச் செயலிக்கு ஏற்ற வேகமான சிஆர்சி வடிவங்களைப் பொது நூலகத்தின் உள்ளேயே இணைத்தார். அழைக்கிற டிரைவர்களில் எதையும் மாற்ற வேண்டியிருக்கவில்லை.

2002-இல் ஒன்று, என் கணக்கில் ஒன்று

பிரதியால் என்ன கெட்டுப்போகிறது என்பதற்கு 2002 மார்ச்சைச் சொல்லலாம். ஜிலிப் என்ற சுருக்கும் நூலகத்தில், ஒரே நினைவகத் துண்டை இரண்டு முறை விடுவிக்கும் பிழை வெளிச்சத்துக்கு வந்தது. உலகம் முழுக்கப் பயன்பட்ட நூலகம் அது. நூலகத்தைத் திருத்தியாயிற்று, அத்தோடு முடிந்ததா? இல்லை. பல மென்பொருள்கள் ஜிலிப்பைப் பிரதியெடுத்துத் தங்கள் வயிற்றுக்குள் வைத்திருந்தன. கர்னலுக்குள்ளேயே டயல்-அப் இணைப்புக்கான பிபிபி பகுதியில் ஒரு தனிப் பிரதி, கோப்பு முறைமைகளில் வேறு பிரதிகள். ஒவ்வொன்றையும் தேடித் தேடிப் பார்க்க வேண்டியிருந்தது. அந்தச் சமயத்தில்தான் கர்னலின் ஜிலிப் பிரதிகளும் ஒரு பொது நூலகமாக ஒன்று சேர்ந்தன.

இதைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வரவில்லை. காரணம் இருக்கிறது. சென்னையில் ஒரு சின்ன நெட்வொர்க் கருவிக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, முதல் போர்டின் டிரைவரைப் பிரதியெடுத்து இரண்டாவது போர்டுக்கு டிரைவர் செய்தவன் நான்தான். மாறிகளின் பேரையெல்லாம் அழகாக மாற்றிவிட்டேன். உள்ளே மேக் முகவரி செல்லுமா என்று பார்க்கும் நாலு வரி இருந்தது. எல்லாம் பூஜ்யமாக இருந்தால் மட்டும் 'செல்லாது' என்று சொல்லும். ஆனால் எதுவும் எழுதப்படாத ஃபிளாஷ் சிப்பைப் படித்தால் பூஜ்யம் வராது, எல்லாப் பிட்டும் 1 என்று வரும். அதுதான் எல்லோருக்கும் பொதுவான பிராட்காஸ்ட் முகவரி. முதல் போர்டில் இந்தப் பிழையைக் கண்டுபிடித்துத் திருத்தினார்கள். இரண்டாவது போர்டில் அதே நாலு வரி வேறு பேர்களில் இருந்ததால் தேடியவர் கண்ணில் படவில்லை. எனக்கும் ஞாபகம் வரவில்லை.

எட்டு மாதம் கழித்து ஒரு நூற்பாலையில் ஆறு பெட்டிகள் மாட்டினார்கள். சிப்பில் முகவரி எழுத மறந்த பெட்டிகள். ஆறும் "என் முகவரி பிராட்காஸ்ட்" என்று கூவ, சுவிட்ச் அவற்றின் ஃபிரேம்களை ஏற்கவே இல்லை. சேர்ந்து மூன்று மாதம்கூட ஆகாத ஒரு தம்பி இரவு பஸ்ஸில் போய், ரெண்டு நாள் அங்கேயே கிடந்து, கேபிளையெல்லாம் மாற்றிப் பார்த்து, திட்டு வாங்கிக்கொண்டு வந்தான். தவறு கேபிளில் இல்லை, என் பிரதியில்.

இத்தனைக்கும் கர்னலில் இதற்கென்றே ஒரு ஹெல்ப்பர் அப்போதே இருந்தது. 'இஸ் வேலிட் ஈதர் அட்ரஸ்' என்று பேர். பூஜ்யத்தையும் மறுக்கும், மல்டிகாஸ்ட் முகவரியையும் மறுக்கும். பிராட்காஸ்ட் முகவரியும் மல்டிகாஸ்டின் ஒரு வகைதான் என்பதால் அதுவும் தானாகவே மாட்டிக்கொள்ளும். இதையெல்லாம் யாரோ ஒருமுறை உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்திருந்தார்கள். நான் தேடவில்லை, அவ்வளவுதான்.

ஏழை உறவினருக்கு ஒரு வீடு

பிரேசிலைச் சேர்ந்த அர்னால்டோ கார்வால்யோ டி மெலோ 2004-இல் ஒட்டாவா லினக்ஸ் மாநாட்டில் ஒரு கட்டுரை படித்தார். தலைப்பில் 'ஏழை உறவினர்கள்' என்று வரும். டிசிபிக்கு எல்லா வசதியும் உண்டு, மற்ற நெறிமுறைகள் டிசிபி நிரலைப் பார்த்துப் பிரதியெடுத்துப் பிழைக்கின்றன, டிசிபியில் இருப்பதைப் பொதுவாக்கி உறவினர்களுக்கும் கொடுப்போம் என்பது அவர் வாதம். 2005 அக்டோபரில் வந்த 2.6.14 பதிப்பில் டிசிசிபி என்ற புது நெறிமுறையை அவர் சேர்த்தார். அதற்காக டிசிபியின் இணைப்பு நிர்வாகப் பகுதி தனியே பிரிக்கப்பட்டுப் பொதுச்சொத்து ஆனது.

இருபது வருடம் கழிந்தது. டிசிசிபியை யாரும் பெரிதாகப் பயன்படுத்தவில்லை, பராமரிக்கவும் ஆள் இல்லை. 2025-இல் 6.16 பதிப்பில் அதைக் கர்னலிலிருந்தே எடுத்துவிட்டார்கள். யாருக்காக வீட்டைப் பொதுவாக்கினார்களோ அவரே காலி செய்துவிட்டார். அப்போ எல்லாம் வீணா? பாதி ஆமாம். டிசிசிபிக்காக மட்டுமே வைத்திருந்த சில சுற்றுவழிகளை இனி சுருக்கலாம். பாதி இல்லை. 2020-இல் 5.6 பதிப்பில் வந்த மல்டிபாத் டிசிபி அதே பொதுக் கட்டமைப்பின் மேல்தான் நிற்கிறது. 2005-இல் அதை யாரும் எதிர்பார்த்திருக்க முடியாது.

சமமா என்று கேட்டால் பூஜ்யம்

மேக் முகவரிகளை ஒப்பிடவும் ரொம்ப நாளாக ஒரு ஹெல்ப்பர் இருந்தது. பேர் 'கம்பேர் ஈதர் அட்ரஸ்'. ஆனால் இரண்டும் ஒன்றாக இருந்தால் அது 0 தரும். சி மொழியில் 0 என்றால் 'இல்லை' என்று அர்த்தம். "ஒன்றா?" என்று கேட்டால் "இல்லை" என்று தலையாட்டும், அதை "ஆமாம்" என்று நாம் எடுத்துக்கொள்ள வேண்டும். எத்தனை பேர் தடுக்கி விழுவார்கள்! பேர் வைப்பது மட்டும் போதாது, பேரும் விடையும் ஒத்துப்போக வேண்டும். 2012-இல் ஜோ பெர்ச்சஸ் 'ஈதர் அட்ரஸ் ஈக்வல்' என்ற புது ஹெல்ப்பரைக் கொண்டுவந்தார். ஒன்று என்றால் ஆமாம், இல்லையென்றால் இல்லை. நேரடியான பதில்.

பழையது பயன்பட்ட இத்தனை இடங்களை யார் மாற்றுவது? இங்கேதான் காக்சினெல் வருகிறது. ஜூலியா லாவாலும் அவரது குழுவினரும் பிரான்சிலும் டென்மார்க்கிலும் உருவாக்கிய கருவி. சாதாரணத் தேடல் எழுத்தைத் தேடும், இது நிரலின் அமைப்பைத் தேடும். "எந்தப் பேரில் இருந்தாலும் சரி, இரண்டு முகவரிகளை இப்படி ஒப்பிட்டிருந்தால் அப்படி மாற்று" என்று ஒரு விதி எழுதினால் கர்னல் முழுக்க மாற்றிக் காட்டும். காக்சினெல் என்றால் பிரெஞ்சில் பொறிவண்டு. பருத்தியில் அசுவினி விழுந்தால் பொறிவண்டு வந்து தின்னும் என்பது எங்க பக்கத்து விவசாயிகளுக்குப் பாடம் எடுக்க வேண்டாத விஷயம். பூச்சியைத் தின்னும் பூச்சி என்பதால்தான் அந்தப் பேர்.

என் முதல் பேட்ச்

2014-இல் நகலெடுப்பதற்கும் ஒரு ஹெல்ப்பர் வந்தது: 'ஈதர் அட்ரஸ் காப்பி'. பைட்டு பைட்டாக எடுக்காமல் ரெண்டு ரெண்டாக அல்லது நாலும் ரெண்டுமாக எடுக்கும், அதனால் வேகம். நிரலின் நடையைச் சோதிக்கும் 'செக்பேட்ச்' கருவியும் அதையே பயன்படுத்தச் சொல்லிப் பரிந்துரைத்தது. புதியவர்களுக்குக் கொண்டாட்டம். நானும் ஒரு வைஃபை டிரைவரில் நாலு இடத்தை மாற்றி என் முதல் பேட்சை அனுப்பினேன்.

ஒரே வரியில் பதில் வந்தது: இரண்டு பக்கமும் இரட்டைப்படை இடத்தில்தான் ஆரம்பிக்கிறதா என்று பார்த்தாயா?

அந்த ஹெல்ப்பருக்கு ஒரு நிபந்தனை உண்டு. முகவரி நினைவகத்தில் இரட்டைப்படை எண்ணுள்ள இடத்தில் தொடங்க வேண்டும். இன்டெல் செயலிகள் இதைக் கண்டுகொள்ளாது. ஆனால் மலிவு ரவுட்டர்களில் இருக்கும் சில செயலிகள் ஒற்றைப்படை இடத்திலிருந்து ரெண்டு பைட்டைச் சேர்த்துப் படிக்கச் சொன்னால் அங்கேயே தடுக்கி விழும். போய்ப் பார்த்தேன். நாலில் ஒரு இடத்தில் முகவரிக்கு முன்னால் ஒரு பைட்டு மட்டும் உள்ள புலம் இருந்தது, இடைவெளி விடாமல் நெருக்கி அடுக்கிய கட்டமைப்பு வேறு. என் லேப்டாப்பில் ஓடியிருக்கும், யாரோ ஒருவர் வீட்டு ரவுட்டரில் விழுந்திருக்கும். பேட்சைத் திரும்பப் பெற்றேன்.

கம்பெனியில் பிரதி எடுத்துத் தப்பு செய்தேன், இங்கே பிரதியை நீக்கித் தப்பு செய்யப் பார்த்தேன். இரண்டிலும் குறை ஒன்றுதான். இரண்டு நிரலும் ஒன்றுபோலத் தெரிந்தது, உண்மையிலேயே ஒன்றா என்று நான் பார்க்கவில்லை.

2021: கதவு ஒன்று, காவலும் ஒன்று

இது வெறும் துப்புரவு இல்லை என்று எனக்குப் புரியவைத்தது 2021-இல் நடந்த வேலைதான்.

ஏராளமான விர்ச்சுவல் லேன்களை ஒரே இணைப்பின்மேல் கட்டியவர்களுக்கு ஒரு தொல்லை இருந்தது. முகவரிப் பட்டியலை முதலிலிருந்து கடைசிவரை ஒவ்வொன்றாகத் தேடியதால் சின்ன மாற்றம்கூட ஆமை வேகத்தில் நடந்தது. அந்த ஆண்டு பட்டியலை ஒழுங்குபடுத்திய மரமாக மாற்றினார்கள். நூலகத்தில் எண் வரிசையில் அடுக்குவது மாதிரி, தேடுவது சட்டென்று முடிந்துவிடும்.

ஆனால் அடுக்கி வைத்த புத்தகத்தின் முதுகிலிருக்கும் எண்ணை யாராவது நூலகரிடம் சொல்லாமல் மாற்றி ஒட்டினால்? அது இருக்கும் இடத்திலேயே தொலைந்துபோகும். கர்னலில் அப்படி ஒட்டுகிறவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். ஒவ்வொரு டிரைவரும் தன் சாதனத்தின் முகவரிப் புலத்தில் நேரடியாக ஆறு பைட்டை எழுதிக்கொண்டிருந்தது. 1993-இன் எலும்புக்கூட்டிலிருந்தே வந்த பழக்கம். மரத்துக்கு அது தெரியவே தெரியாது.

நெட்வொர்க் பகுதியின் பராமரிப்பாளர்களில் ஒருவரான ஜேக்கப் கிசின்ஸ்கி இதைக் கையில் எடுத்தார். முகவரியை மாற்ற வேண்டுமா, இனி ஹெல்ப்பர் வழியாகத்தான் வர வேண்டும். டிரைவர் டிரைவராக, திருத்தம் திருத்தமாக மாதக்கணக்கில் வேலை நடந்தது. ஒவ்வொரு திருத்தமும் பார்க்க அற்பமாக இருக்கும். ஒரு வரி போய் இன்னொரு வரி வந்திருக்கும். 2022 மார்ச்சில் வந்த 5.17 பதிப்பில் முகவரிப் புலத்தை 'படிக்க மட்டும்' என்று பூட்டினார்கள். இனி நேரடியாக எழுதினால் கம்பைலரே கத்தும்.

அப்படியும் யாராவது சுவரேறிக் குதித்தால்? அதற்கு ஒரு ஏற்பாடு செய்தார்கள். முகவரியின் நிழல் பிரதி ஒன்றைப் பக்கத்திலேயே வைத்தார்கள். ஹெல்ப்பர் வழியாக மாற்றினால் இரண்டும் மாறும், திருட்டுத்தனமாக மாற்றினால் ஒன்று மட்டும் மாறும், இரண்டையும் ஒப்பிடும்போது எச்சரிக்கை வரும். பிரதிகளை ஒழிக்கப் போனவர்கள் காவலுக்கு ஒரு பிரதியை வேண்டுமென்றே வைத்தார்கள்!

முப்பது வருடம் நூறு இடத்தில் கையால் எழுதிய ஆறு பைட்டு பார்வைக்கு ஒரு தொந்தரவும் தரவில்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. "முகவரி மாறும்போது இன்னொரு வேலையும் நடக்க வேண்டும்" என்று ஒருவர் நினைத்த நாளில்தான் சிக்கல் தெரிந்தது. அந்த இன்னொரு வேலையை எங்கே எழுதுவது? 'முகவரியை மாற்று' என்ற வேலைக்கு ஒரு பேரும், அந்தப் பேருக்கு ஒரே இடமும் இருந்தால்தானே அங்கே போய் எழுத முடியும்? பேர் இல்லாத வேலையை யாராலும் மொத்தமாக மாற்ற முடியாது. ஹெல்ப்பரால் மிச்சமாகும் நாலு வரி பெரிய விஷயமில்லை. பின்னால் வருகிற ஒருவருக்கு மாற்றுவதற்கு ஒரு இடம் கிடைக்கிறது, அதுதான் லாபம்.

அதற்காகப் பார்க்கிற பிரதியையெல்லாம் உடனே ஒன்றாக்கக் கிளம்ப வேண்டாம். முதலில் டாம்ஷ் மாதிரி எது பொது, எது அவரவருடையது என்று பிரித்துப் பாருங்கள். ஹெல்ப்பரின் நிபந்தனையைப் படியுங்கள், நான் படிக்காமல் விட்டதுபோல் விடாதீர்கள்.

என் முதல் பேட்சின் கதை அங்கேயே முடியவில்லை. நாலில் மூன்று இடங்களில் முகவரி இரட்டைப்படை இடத்தில்தான் இருந்தது. அந்த மூன்றை மட்டும், ஒவ்வொன்றும் ஏன் சரி என்று இரண்டு வரி விளக்கத்தோடு மறுபடி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள். நூற்பாலைக்குப் போன தம்பி இப்போது பெங்களூரில் இருக்கிறான், என்னைவிட நன்றாக நிரல் எழுதுகிறான். அந்த நாலு வரியை எழுதியது யார் என்று அவனிடம் நான் இதுவரை சொன்னதில்லை. இந்தப் பதிவின் சுட்டியை அனுப்பி வைக்கப்போகிறேன். படித்துவிட்டு என்ன சொல்கிறான் என்று பார்ப்போம்.

ஈதர்நெட் டிரைவர்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாக நினைவகப் பக்கங்களை மறுசுழற்சி செய்துகொண்டிருந்ததும், 2018-இல் 'பேஜ் பூல்' வந்து அவற்றை ஒன்றாக்கத் தொடங்கியதும் தனிக்கதை. குறிப்புகள் தயாராக இருக்கின்றன. அடுத்த பதிவில் எழுதுகிறேன்.